பெட்டி கொடுத்தோம், போடிங் காசு கொடுக்கவில்லை

பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன்னர் நடந்த பாராட்டு விழா எமக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அந்தத் தோட்டத்திலிருந்து முதன்முதலாக ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்தாள். தாய் கொழுந்தெடுப்பவர், தகப்பன் இல்லை. கோயில் முற்றத்தில் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, தோட்டத் தலைவரும் அதிபரும் நாமும் மாறி மாறிப் பேசினோம். பொன்னாடை போர்த்தினோம். பெரிய பயணப் பெட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்துப் புகைப்படமும் எடுத்துக்கொண்டோம்.

மூன்றாம் மாதம் அந்தப் பக்கம் போனபோது, பிள்ளை லயத்து வாசலில் நின்று உடுப்புக் காயப்போட்டுக் கொண்டிருந்தாள். விடுமுறையில் வந்திருக்கிறாள் என்று நினைத்தோம். தாய்தான் விடயத்தைச் சொன்னார்.

"பொட்டி வாங்கிக் குடுத்தீங்க சாமி, அது நல்லாத்தான் இருக்கு. போடிங் காசு மாசா மாசம் கேக்குறாங்களே, அத நான் யாருகிட்ட போய்க் கேக்கிறது?"

எமக்குப் பதில் வரவில்லை. பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் பெட்டிக்கும் செலவான தொகையை மாதக் கணக்கில் பிரித்துக் கொடுத்திருந்தால் அவள் அந்த ஆண்டின் பெரும் பகுதியைக் கடந்திருப்பாள். தவறு எம்முடையது. அதை ஒப்புக்கொண்டே இக்கட்டுரையைத் தொடங்குகிறோம்.

இலவசம் எதுவரை?

எமது நாட்டின் அரச பல்கலைக்கழகங்களில் உள்நாட்டு மாணவருக்கு முதற் பட்டப் படிப்புக்குக் கற்பித்தற் கட்டணம் கிடையாது. இதைக்கூட எம்மவர் பலர் இன்னும் அறியாதிருக்கிறார்கள். "கெம்பஸ் போக இலட்சக்கணக்கில் வேணுமாம்" என்று யாரோ சொன்னதை நம்பி, பத்தாம் வகுப்போடு பிள்ளையை மறித்துவிட்ட பெற்றோரை நாம் சந்தித்திருக்கிறோம். 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் பயனிலிருந்து ஒதுக்கப்பட்டன. அவை கட்டம் கட்டமாக அரசின் கைக்கு வந்தது 1970களின் பிற்பகுதியிலிருந்துதான். ஏனைய கிராமங்களுக்குக் கிடைத்ததில் முப்பது வருடம் எமக்குப் பிந்தியது. பல்கலைக்கழகம் என்றால் என்ன, அங்கே எப்படிப் போவது என்று சொல்லித்தரத் தாத்தாவோ மாமாவோ இல்லாத வீடுகள் இன்றும் இருப்பதில் வியப்பில்லை.

கட்டணம் இல்லை என்றாலும் செலவு இருக்கிறது. அது பல்கலைக்கழகத்துக்குப் போகும் முன்னரே தொடங்குகிறது. தமிழ் மொழியில் விஞ்ஞானமும் கணிதமும் உயர்தரத்தில் படிக்க வேண்டுமானால் பெரும்பாலும் பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போக வேண்டும். பஸ் காசு, ரியூசன் காசு, மழைக்காலத்தில் பாதை உடைந்தால் நகரத்தில் தங்கும் காசு. ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005இல் பதுளையிலேயே உருவானது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே அங்கு ஒரு பட்டப் படிப்பு உண்டு. ஆனால் அதற்குப் போக உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடம் வேண்டும். ஐந்து தலைமுறையாகத் தேயிலையோடு வாழும் குடும்பத்துப் பிள்ளைக்கு, தேயிலையைப் பற்றிய பட்டம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தும் கைக்கு எட்டாமற் போவது இப்படித்தான்.

பெரிய செலவு ஒன்றை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் தொடங்கும் வரை ஓராண்டுக்கு மேலும் ஆகிவிடுகிறது. அந்த இடைவெளியில் பையன் கொழும்பில் ஒரு கடைக்குப் போகிறான், பிள்ளை ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள். வீட்டுக்குக் காசு வருகிறது. அந்தக் காசை நம்பி வீட்டில் கடன் எடுக்கிறார்கள், சீட்டுப் போடுகிறார்கள். தெரிவுக் கடிதம் வரும் நாளில் குடும்பம் இழப்பது அந்தச் சம்பளத்தை. போடிங் காசு கொடுக்க முடியாத வீடு, வருகிற காசையும் விட்டுக் கொடுக்க வேண்டும் என்றால் எப்படி முடியும்? 2024 செப்டெம்பரில் நாட் சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தச் சம்பளத்தில் மாதத்தில் 20 நாள் பேர் விழுந்தாலும் 27,000 ரூபாதான் வந்தது. அதிலிருந்து கழிவுகள் வேறு.

உதவிகள் இல்லாமல் இல்லை. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான மகாபொல நிதியம் பல்கலைக்கழக மாணவருக்கு மாதாந்தப் புலமைப்பரிசில் கொடுக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது 5000 ரூபாவிலிருந்து 7500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்றே 1947இல் அமைக்கப்பட்ட இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம், கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தின் ஊடாக உயர்தர மாணவருக்கும் பல்கலைக்கழக மாணவருக்கும் உதவி வருகிறது. எமது மக்களின் பிரசாவுரிமையே 1948இல் பறிக்கப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்னர் தொடங்கிய நிதியம் இன்றும் இயங்குகிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் தங்கியிருந்தே ஆசிரியப் பயிற்சி பெறலாம்.

ஆயினும் முதல் தவணை கைக்கு வரும் வரை பிள்ளை எப்படிச் சாப்பிடுவது? விண்ணப்பம் எப்போது வருகிறது என்று வீட்டுக்கு யார் சொல்வது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் கொழும்பிலோ கண்டியிலோ விடை கிடைக்காது. தோட்டத்துக்குள்ளேதான் தேட வேண்டும்.

சாவுக்குக் கொடுக்கும் கை

தோட்ட மக்களுக்குக் கூட்டாகக் காசு சேர்க்கத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. சங்கச் சந்தா, கோயில் சந்தா, ஒரு காலத்தில் டோபிக்கும் நாவிதருக்கும் உரிய கூலி என எல்லாம் செக்ரோலில் கழிக்கப்பட்டு வந்தவைதான். மரண சகாய நிதி இல்லாத தோட்டம் அரிது. எவர் வீட்டில் சாவு விழுந்தாலும் பெட்டி, துணி, சாப்பாடு என்று எல்லாம் மறுநாள் காலைக்குள் ஒழுங்காகிவிடும். இந்தப் பழக்கத்தின் மேலேயே கல்விக்கும் ஒரு நிதியைக் கட்டினால் என்ன என்று, அந்தத் தாயின் கேள்விக்குப் பின்னர், அயல் தோட்டங்கள் மூன்றில் பேசத் தொடங்கினோம்.

முதற் கூட்டத்திலேயே ஒருவர் எழுந்து, "யாரோ வீட்டுப் புள்ள படிக்க என் காசு எதுக்கு?" என்று கேட்டார். நாம் வேதாகமத்திலிருந்து ஏதோ சொல்ல வாயெடுக்கும் முன், பின்னால் கூடையோடு நின்ற ஒரு பாட்டி பதில் சொல்லிவிட்டார்: "சாவுக்குக் குடுக்கிறப்ப யாரு வீட்டுச் சாவுன்னு பாத்தாடா குடுத்த?" அதன் பின்னர் அன்று எமக்குப் பேச அதிக வேலை இருக்கவில்லை.

கணக்கு எளிது. 200 பேர் சம்பள நாளில் 50 ரூபா போட்டால் மாதம் 10,000 ரூபா. ஒரு தேநீரும் ஒரு ரொட்டியும் விற்கும் விலைக்கு மேல் எவரிடமும் கேட்கவில்லை. மகாபொல வந்து சேரும் வரை ஒரு பிள்ளையைத் தாங்க அது போதும். வந்த பின்னர் அடுத்த பிள்ளைக்குத் திருப்பலாம். பங்கின் வறியோர் நிதி, படித்து வேலைக்குப் போனவர்கள், நகரத்தில் கடை வைத்திருக்கும் எம்மவர் சிலர் ஆகியோர் அதற்கு மேலே சேர்க்கிறார்கள். தோட்டம் போட்ட தொகைக்கு மேல் வெளியார் போடக் கூடாது என்று ஒரு விதியை வைத்தோம். வெளிக்காசு கூடினால் உள்காசு நின்றுவிடும் என்பதை வேறு திட்டங்களில் போதுமான அளவு கண்டு நொந்திருக்கிறோம்.

காசை எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் பெரிய இழுபறி. செக்ரோலில் கழித்தால் சுலபம். ஆனால் அதற்கு நிர்வாகத்திடம் போக வேண்டும், சங்கத்தின் ஊடாகப் போக வேண்டும். ஒரு சங்கத்தின் ஊடாகப் போனால் மற்றச் சங்கத்துக்காரர் ஒதுங்கிவிடுவார்கள். முடிவில் ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு பெண்மணி கையால் சேர்ப்பது என்றானது. சங்கிலி இழுத்தாலும் வராத காசு இந்தப் பெண்களின் கைக்கு வந்தது! கணக்கு வங்கியில், இரண்டு கையொப்பம், மாதக் கணக்கைக் கோயிலிலும் பூசைக்குப் பின் ஆலயத்திலும் சத்தமாக வாசிப்பது. பிள்ளையின் சொந்த வங்கிக் கணக்குக்கே காசு போகும், தகப்பன் கையில் கொடுப்பதில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும், எழுத வேண்டியதில்லை.

"சாமிமார் தொடங்கியது, வேதக்காரப் பிள்ளைகளுக்குத்தான்" என்ற கதையும் எழுந்தது. 1972இல் பதுளை மறைமாவட்டம் உருவானபோது கண்டியை விட்டு விரும்பி இங்கு வந்த ஆயர் லியோ நாணயக்காரவின் மறைமாவட்டம் இது. இதன் எல்லைக்குள் கத்தோலிக்கர் மிகச் சிறு தொகையினர். எம்மவரை மட்டும் பார்த்திருந்தால் எமக்கு இங்கு வேலையே இருந்திராது. முதலில் உதவி பெற்ற இருவரும் இந்துப் பிள்ளைகள் என்றதும் அந்தக் கதை ஓய்ந்தது.

ஓயாத கேள்வி ஒன்று உண்டு. படித்த பிள்ளை கொழும்புக்குப் போய்விட்டால் தோட்டத்துக்கு என்ன இலாபம்? இதற்கு நேர்மையான பதில், பலர் திரும்பி வரமாட்டார்கள் என்பதே. கடனாகக் கொடுத்துத் திருப்பி வாங்கலாம் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் கடன் என்ற சொல்லைக் கேட்டாலே எமது தாய்மார் பயப்படுகிறார்கள். நுண்கடன் காரர்கள் வாசலில் வந்து நின்ற அனுபவம் அப்படி. ஆகவே வேறு ஒரு கடமையை வைத்தோம். விடுமுறையில் வரும் ஒவ்வொரு மாணவரும் உயர்தரப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்க வேண்டும். சிலர் ஒழுங்காக எடுக்கிறார்கள், சிலர் சாட்டுச் சொல்கிறார்கள். அதையும் கணக்கோடு சேர்த்து வாசிக்கிறோம்.

செக்ரோல் இல்லாத உங்களுக்கு

இதை வாசிக்கும் உங்களில் பலர் தோட்டத்தை விட்டுப் போய் மூன்று நான்கு தசாப்தங்கள் கடந்துவிட்டன. 1977, 1981, 1983 கலவரங்களுக்குப் பின் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் கழனியாக்கி, யுத்தத்தில் அதையும் விட்டு ஓடியவர்கள் நீங்கள். மற்றவர்கள் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் வீடும் மரக்கறித் தோட்டமும் இழந்தவர்கள். உங்களுக்குச் சம்பள நாளும் இல்லை, செக்ரோலும் இல்லை. போகத்துக்குப் போகம்தான் கையில் காசு.

உங்களுக்குத் தமிழ்நாட்டின் விருதுநகர் உதாரணம் பொருந்தும் என்று எண்ணுகிறோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு நாடார் சமூகத்தார், கோயிலுக்குள்ளும் விடப்படாதிருந்த காலத்தில், க்ஷத்திரிய வித்தியாசாலை என்ற பாடசாலையை நடத்தினார்கள். வியாபாரிகள் மகமை என்ற பெயரில் ஒரு பங்கு போட்டார்கள். வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வேறாக வைத்தார்கள். அது சேர்த்து விற்கப்பட்டுப் பாடசாலைக்குப் போனது. பின்னாளில் முதலமைச்சரான காமராசர் படித்தது அந்தப் பிடியரிசிப் பாடசாலையில்தான். 1947இல் அதே ஊரில் அதே சமூகத்தார் கல்லூரியும் தொடங்கினார்கள். பெரும்போகத்தில் களத்திலேயே ஒரு மரைக்கால் நெல்லைப் பிரித்து வைக்க உங்களால் முடியும். காசாகக் கேட்டால் இல்லை என்று சொல்லும் வீடும் நெல்லாகக் கேட்டால் கொடுக்கும்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு: பத்திரங்கள். மண்சரிவில் பிறப்புச் சான்றிதழ் போனால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். பரீட்சைப் பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்தில் மறுபடி பெறலாம். இவற்றைத் தெரிவுக் கடிதம் வரும் வரை பிற்போட வேண்டாம். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. பதுளையும் மொனராகலையும், வவுனியாவும் கிளிநொச்சியும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் அடங்கும். எந்த மாவட்டம் என்பதில் பிள்ளை பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் எங்கே படித்தது என்பது பார்க்கப்படுகிறது. ஆகையால் உயர்தர வகுப்பில் இருக்கும் பிள்ளையைக் கொழும்பிலுள்ள உறவினர் வீட்டுக்கு மாற்றும் முன்னர் அதிபரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பெட்டி வாங்கிய அந்தப் பிள்ளை திரும்பவும் பல்கலைக்கழகம் போகவில்லை. நிதி தொடங்கும்போது அவள் கொழும்பில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்; பின்னர் திருமணமும் ஆகிவிட்டது. அவளுடைய தம்பி இப்போது உயர்தரம் இரண்டாம் வருடம், கணிதப் பிரிவு. சம்பள நாளில் அவர்களுடைய லயத்தில் காசு சேர்ப்பது அவன் தாய்தான். அந்தப் பெட்டி கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. சந்தாக் கொப்பிகளை அதற்குள்தான் வைத்திருக்கிறார்.