கம்ப்யூட்டர் வேலை போய்விட்டதா? கலங்க வேண்டாம்!

குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார்கள். கை நிறையச் சம்பளம். அந்த வேலை திடீரென்று போனால்?

2025-ம் ஆண்டில் டி.சி.எஸ். கம்பெனி மட்டும் சுமார் 12 ஆயிரம் பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. ஆகவே, வேலை போவது அவமானம் அல்ல. முதலில் வீட்டில் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் கடன்தான் வளரும்.

காகிதம் பத்திரம்

கம்பெனியை விட்டு வருமுன் அனுபவச் சான்றிதழ், விடுவிப்புக் கடிதம், சம்பளச் சீட்டு மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும். 5 ஆண்டு வேலை பார்த்தவருக்குப் பணிக்கொடையும் உண்டு.

பக்கத்தில் தேடலாம்

நாகர்கோவிலில் ரெயில் ஏறினால் சுமார் 70 கிலோ மீட்டரில் திருவனந்தபுரம். அங்கே 1990-ல் தொடங்கிய டெக்னோபார்க்கில் நூற்றுக்கணக்கான கம்பெனிகள் இருக்கின்றன. வீட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டே வேலைக்கு முயலலாம்.

ஏஜெண்டு ஜாக்கிரதை!

2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் சிலர், மியான்மரில் அடைத்து வைக்கப்பட்டார்கள். ஆன்லைன் மோசடி செய்யும்படி அவர்களை மிரட்டினார்கள். அரசு தலையிட்டு மீட்க வேண்டியதாயிற்று.

சுற்றுலா விசாவில் வேலைக்கு வரச்சொன்னால், போகவே கூடாது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப அந்த ஏஜெண்டுக்கு மத்திய அரசின் லைசென்சு உண்டா என்று பார்த்த பிறகே பணத்தைத் தொட வேண்டும்.