எண்ணியது ஒன்று, எழுதியது வேறு!

1990ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பிற்பகல், அமெரிக்காவின் நெடுந்தூரத் தொலைபேசிச் சேவை திடீரென நிலைகுலைந்தது. ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனத்தின் 114 இணைப்பு நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தம்மைத் தாமே நிறுத்திக்கொண்டு மீண்டும் தொடங்கின. தொடங்கியவை தம் அயல் நிலையங்களையும் வீழ்த்தின. ஏறத்தாழ 9 மணி நேரம் கோடிக்கணக்கான அழைப்புகள் உரியவரைச் சென்றடையவில்லை. அந்நியர் எவரேனும் உட்புகுந்து செய்த சதியோ என்றும் ஐயுறப்பட்டது. இறுதியிற் கண்டறியப்பட்ட காரணம் யாது? சி என்னும் கணினி மொழியில் எழுதப்பட்ட செய்நிரலில், 'பிரேக்' என்னும் ஒரு சொல் தகாத இடத்தில் அமைந்திருந்தது!

1970களின் தொடக்கத்தில் டெனிஸ் ரிச்சி என்னும் அறிஞர் பெல் ஆய்வுகூடத்தில் இம்மொழியை ஆக்கினார். அந்த ஆய்வுகூடம் அக்காலத்தில் மேற்கூறிய தொலைபேசி நிறுவனத்தையே சேர்ந்திருந்தது என்பது விந்தை. இன்றும் கணினிகளையும் கைபேசிகளையும் இயக்கும் அடிப்படை மென்பொருள்களிற் பெரும்பகுதி சி மொழியிலேயே எழுதப்பட்டுள்ளது. ஆகவேதான் இம்மொழி கற்கும் மாணவருக்கு, "இச்செய்நிரலின் வெளியீடு யாது? வழு உண்டாயின் சுட்டுக" என்னும் வினா தவறாது கொடுக்கப்படுகின்றது. இதனைப் பரீட்சைத் தொல்லையென்று சலித்துக்கொள்வோர் பலர். ஆயின், எண்ணியதை மறந்து எழுதியதை மட்டும் படிக்கும் அரிய பழக்கத்தை இவ்வினாவே ஊட்டுகின்றது.

இருவகை வழு

'வழு' என்னும் சொல் நம் இலக்கண நூலார் ஆண்ட சொல்லே. 'அவன் வந்தாள்' என்பது பால் வழு. கேட்ட மாத்திரத்தே செவி மறுக்கின்றது. 'யானை முட்டையிட்டது' என்னும் தொடரிலோ எழுவாயும் பயனிலையும் செவ்வனே இயைந்துள்ளன, பொருள்தான் பொய்.

கணினியிலும் இவ்விரு வகையும் உண்டு. நாம் எழுதியதைக் கணினிக்கு விளங்கும் வடிவில் மாற்றித் தருவது தொகுப்பான். அரைப்புள்ளி விடுபட்டாலும், திறந்த அடைப்புக்குறி மூடப்படாவிட்டாலும், அது ஏற்க மறுத்து வரி எண்ணையும் காட்டிவிடும். (காட்டிய வரிக்கு முந்திய வரியிலே பிழை இருப்பதும் உண்டு, மாணவர் இதனை நினைவிற் கொள்க.) இரண்டாம் வகை வழுவையோ அது பெரும்பாலும் வாய் திறவாமல் ஏற்றுக்கொள்ளும். அதனைக் காணும் பொறுப்பு நம்முடையது.

செல்சியஸ் அளவிலுள்ள 30 பாகை வெப்பத்தைப் பரனைற்று அளவுக்கு மாற்றும் பொருட்டு, 9 / 5 * 30 + 32 என எழுதுகின்றார் ஒரு மாணவர். பாடசாலைக் கணக்கின்படி விடை 86. சி மொழி தருவதோ 62! இரு நிறைவெண்களை வகுக்கும்போது இம்மொழி பின்னத்தை வெட்டி எறிந்துவிடும். எனவே 9ஐ 5ஆல் வகுத்தால் 1. அதனை 30ஆற் பெருக்கி 32ஐக் கூட்ட 62. வரிசையை மாற்றி 30 * 9 / 5 + 32 என எழுதினால் 86 கிடைக்கும். ஆயின் 30க்குப் பதிலாக 31ஐ இட்டால், 87.8க்குப் பதிலாக 87 வந்து நிற்கும். 9.0 எனத் தசமமாக எழுதுவதே பாதுகாப்பான முறை.

கையால் ஓட்டிப் பார்த்தல்

இனி, வாசகர்களே, நீங்களே விடை கூறத்தக்க ஒன்று. எக்ஸ் என்னும் மாறியை 1இல் தொடங்கி, அது 5ஐத் தாண்டாதவரை ஒவ்வொன்றாகக் கூட்டிச்செல்லுமாறு 'ஃபோர்' என்னும் கட்டளை பணிக்கின்றது. அடுத்த வரி, எக்ஸின் பெறுமானத்தை அச்சிடுமாறு கூறுகின்றது. ஆனால் 'ஃபோர்' வரியின் இறுதியில் ஓர் அரைப்புள்ளி இடப்பட்டுள்ளது. திரையில் தோன்றுவது யாது?

1 முதல் 5 வரை என்பார் பலர். தோன்றுவது 6 என்னும் ஒரே எண். அரைப்புள்ளியோடு அக்கட்டளை முற்றுப்பெற்றுவிட்டது. ஆகவே அது செய்வதற்கு வேலையின்றி வெறுமனே ஐந்து முறை சுழல்கின்றது. எக்ஸ் 6 ஆனதும் நின்றுவிடுகின்றது. அதன் பின்னரே அச்சிடும் வரி ஒருமுறை இயங்குகின்றது.

இத்தகைய வினாக்களை எதிர்கொள்ளும் வழி எளிது. தாளில் ஒவ்வொரு மாறிக்கும் ஒரு கட்டம் வரைக. ஒவ்வொரு வரியாகக் கீழிறங்குக. பெறுமானம் மாறுந்தோறும், கடைக் கொப்பியில் நிலுவையை வெட்டி எழுதுவதுபோல, பழையதை வெட்டிப் புதியதை எழுதுக. விடையை எழுதிய பின்னரே கணினியை நாடுக. இரண்டும் வேறுபடுமாயின், நாம் தவறாக விளங்கிக்கொண்ட விதி எதுவென்பது அவ்விடத்திலேயே தெரிந்துவிடும்.

தொலைபேசி நிலையங்களை வீழ்த்திய வழுவும் இவ்வாறு படித்தால் புலப்படக்கூடியதே. 'பிரேக்' என்னும் சொல் 'இஃப்' என்னும் நிபந்தனைப் பகுதியுள் இருந்தது. ஆயின் சி மொழியில் அச்சொல் 'இஃப்' பகுதியைப் பொருட்படுத்தாது. அதனைச் சூழ்ந்திருந்த 'சுவிட்ச்' என்னும் பெரும்பகுதி முழுவதையும் விட்டு வெளியேற்றிவிட்டது. அதனாற் செய்யவேண்டிய வேலை செய்யப்படாது விடப்பட்டது.

சிறு குறி, பெருங்கேடு

சி மொழியில் '=' என்பது 'இப்பெறுமானத்தை இடுக' என்னும் கட்டளை; '==' என்பது 'இரண்டும் சமமா?' என்னும் வினா. 2003ஆம் ஆண்டு நவம்பர் மாதம், லினக்ஸ் இயங்குதளத்தின் செய்நிரற் பிரதியொன்றில் எவரோ கள்ளத்தனமாக இரு வரிகளைச் செருகியிருந்தனர். பயனாளரின் எண் 0 தானா என வினவுவதுபோல அவை தோன்றின. ஆனால் அங்கு இருந்தது ஒற்றைச் சமக்குறி. அது வினவவில்லை, பயனாளரின் எண்ணை 0 ஆக்கியது! அவ்வெண் அனைத்து அதிகாரமும் உடைய தலைமைப் பயனாளருக்கு உரியது. தொகுப்பான் எச்சரிக்காதவாறு கூடுதல் அடைப்புக்குறிகளும் இடப்பட்டிருந்தன. அம்மாற்றத்துக்கு உரிய பதிவு இல்லாமையைக் கண்டு ஆராய்ந்தோர் சூழ்ச்சியை முளையிலேயே கிள்ளினர்.

2014ஆம் ஆண்டு பெப்ரவரியில் அப்பிள் நிறுவனத்தின் மென்பொருளில் வெளிப்பட்ட வழுவோ எவரும் வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை. 'இறுதிக்குச் செல்க' என்னும் பொருள்படும் வரி அடுத்தடுத்து இருமுறை எழுதப்பட்டிருந்தது. முதல் வரி நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவது வரி உள்தள்ளி எழுதப்பட்டிருந்தபோதிலும் எந்த நிபந்தனைக்கும் உட்படவில்லை. ஆகவே இணையத்தளமொன்றின் உண்மைத்தன்மையை உறுதிசெய்யும் இறுதிச் சோதனை நடைபெறாமலே, எல்லாம் சரியென்னும் விடை கிடைத்துவந்தது. வரியை உள்தள்ளி எழுதுதல் மனிதரின் கண்ணுக்காகவே. சி மொழியின் தொகுப்பான் அதனைக் கொண்டு பொருள் கொள்வதில்லை.

விடையில்லா வினா

சில வினாக்களுக்கு விடையே இல்லை என்பதையும் மாணவர் அறிதல் நன்று. எக்ஸ் 5 ஆயின், எக்ஸ்++ என்பது பழைய பெறுமானமாகிய 5ஐத் தந்துவிட்டு அதனை 6 ஆக்கும். ++எக்ஸ் என்பது முதலில் 6 ஆக்கிவிட்டு அந்த 6ஐத் தரும். தனித்தனியே இவை தெளிவானவை. ஆனால் எக்ஸ்++ + ++எக்ஸ் என இரண்டையும் ஒரே தொடரிற் கூட்டினால் வருவது யாது? 12 என்று அடித்துச் சொல்வாரும் உளர். சி மொழியின் தரவிதி இதற்கு எப்பொருளையும் வரையறுக்கவில்லை. ஒரு தொகுப்பான் தரும் விடையை மற்றொன்று தரவேண்டியதில்லை. இத்தகைய தொடர்களை எழுதாது விடுவதே அறிவுடைமை.

வீட்டிற் பெற்றோர் கணினி அறியாதவராயினும் இப்பயிற்சியில் துணை நிற்கலாம். பிள்ளை செய்நிரலின் ஒவ்வொரு வரியையும் உரக்க வாசித்து, 'இதனால் இன்னது நிகழும்' என விளக்கட்டும். அம்மாவோ அப்பாவோ, 'அது ஏன்?' என்று மட்டும் வினவட்டும். விடை கூற முடியாது பிள்ளை தயங்கும் வரி எதுவோ, அவ்வரியையே முதலிற் சோதிக்கவேண்டும்.