மொக்தார் ஆட்டத்தை விட்டபோது நம் லயங்கள் ஏன் கலங்கின?

கோல சிலாங்கூர், ஜெராம், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை, தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் என்று வட சிலாங்கூர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் மக்களுக்கு ஆண்டுக்கு இரண்டு திருவிழாக்கள் இருந்தன என்று சொன்னால் மிகையாகாது. ஒன்று, தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. மற்றொன்று, சிலாங்கூர்க் குழு மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இறங்கும் நாள். முதல் திருவிழாவுக்குப் பூசாரி நாள் குறிப்பார். இரண்டாவது திருவிழாவுக்கு நாள் குறித்தவர்களுள் முதல் ஆள் மொக்தார் டஹாரி.

அந்த மொக்தார் 1986ஆம் ஆண்டில் ஆட்டத்தை விட்டு விலகினார். அந்த ஆண்டுதான் சிலாங்கூர்க் குழு இறுதியாட்டத்தில் ஜொகூரை 6-1 என்று வீழ்த்தி மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியது. வெற்றி முழக்கம் அடங்குவதற்குள் விடைபெறும் செய்தி வந்தது. பண்டிகை முடிந்த மறுநாள் வீட்டில் ஒரு வெறுமை தெரியுமே, அப்படி ஒரு வெறுமை நம் லயங்களில் இறங்கியது.

அவர் நமக்கு உறவா? இல்லை. நம் தோட்டத்து ஆளா? அதுவும் இல்லை. பிறகு ஏன் அந்தக் கலக்கம்? இதைத்தான் இன்று கொஞ்சம் எண்ணிப் பார்க்கப் போகிறோம்.

பத்தாம் எண் சட்டை

இளைய தலைமுறைக்காகச் சில விவரங்களைச் சொல்லி விடுவோம். மொக்தார் 1953 நவம்பர் 13ஆம் தேதி ஸ்தாப்பாக்கில் பிறந்தவர். 1972இல் சிலாங்கூருக்கு ஆட வந்தார். அதே ஆண்டில் நாட்டுக்கும் ஆடினார். அப்போது வயது பதினெட்டுதான். சிலாங்கூருக்கு மட்டும் 175 கோல்கள். நாட்டுக்காக 142 ஆட்டங்களில் 89 கோல்கள். சிலாங்கூரோடு பத்து முறை மலேசியக் கிண்ணத்தைக் கையில் ஏந்தியவர்.

1974இல் தெஹ்ரானில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியா வெண்கலம் வென்றது. 1977இலும் 1979இலும் தென்கிழக்காசியப் போட்டியில் தங்கம் வென்றது. எல்லாவற்றிலும் மொக்தார் இருந்தார். 1975இல் இங்கிலாந்திலிருந்து வந்த ஆர்சனல் குழுவை மெர்டேக்கா அரங்கில் 2-0 என்று தோற்கடித்தபோது இரண்டு கோலையும் போட்டவர் அவர். 1978இல் இங்கிலாந்து 'பி' குழுவோடு ஆட்டம் 1-1 என்று சமமானது. அதிலும் மலேசியாவின் கோல் அவர் காலிலிருந்து வந்ததுதான். வெள்ளைக்காரத் துரையின் முன் தொப்பியைக் கழற்றி நின்று பழகிய பெரியவர்களுக்கு அந்தக் கோல்கள் எப்படி இனித்திருக்கும் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாட்டுக் குழுவில் கோல் கம்பத்தில் நின்றவர் நம் ஆறுமுகம். நீண்ட கைகளால் பந்தைப் பிடிப்பதைப் பார்த்து 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்தது. அவருக்கு முன்னால் அரண் போல் நின்றவர்கள் சந்தோக் சிங்கும் சோ சின் ஆனும். ஆறுமுகம் பிடித்தார், சந்தோக்கும் சோவும் மறித்தார்கள், மொக்தார் அடித்தார். மலாய்க்காரர், சீனர், பஞ்சாபியர், தமிழர் என்று அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒரே குரலில் கத்தினார்கள். அந்த ஒன்றரை மணி நேரம் யாரும் யாரையும் வேற்றாளாகப் பார்க்கவில்லை.

வானொலிப் பெட்டியைச் சுற்றி

எல்லாராலும் கோலாலம்பூருக்குப் போய் ஆட்டம் பார்க்க முடியுமா? கோல சிலாங்கூரிலிருந்து அரங்கம் ஏறக்குறைய நாற்பது மைல். போக வர பேருந்துக் காசு, நுழைவுச் சீட்டு, வழியில் பசியாற ஒரு வெள்ளி இரண்டு வெள்ளி. மறுநாள் விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். அதனால் இளவட்டங்கள் பணம் சேர்த்து லோரியிலோ பேருந்திலோ போவார்கள். மற்றவர்களுக்கு வானொலிதான் அரங்கம்.

வானொலி வர்ணனை மலாய் மொழியில் வரும். லயத்து ஐந்தடியில் பெட்டியை வைத்து, மலாய் நன்றாகத் தெரிந்த ஒருவர் பெரியவர்களுக்கு மாற்றிச் சொல்வார். "பந்து நம்மகிட்ட... வலப்பக்கம் போவுது... மொக்தாருக்குக் குடுத்துட்டான்..." அதற்குப் பிறகு மொழிபெயர்ப்பு தேவைப்படாது. அறிவிப்பாளரின் குரல் உயர்ந்தாலே போதும். அடுப்பங்கரையில் இருக்கும் பெண்கள்கூட "கோலா?" என்று எட்டிப் பார்ப்பார்கள்.

மறுநாள் காலையில் தோட்டத்தின் முகமே வேறாக இருக்கும். ஜெயித்திருந்தால் மண்டோரின் அதட்டல்கூடக் காதில் விழாது. தோற்றிருந்தால் நிரையில் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள்.

பால் கொட்டகையில் ஒரு வழக்கு

மொக்தார் விலகுகிறார் என்ற செய்தி தோட்டங்களுக்கு வந்தபோது நடந்த பேச்சு இப்படித்தான் இருந்தது:

"என்னண்ணே, மொக்தாரு ஆட்டத்த விட்டுட்டாராமே?"

"ஆமா தம்பி. பேப்பர்ல வந்திருக்கு."

"இன்னும் ரெண்டு வருசம் ஆடலாமே அண்ணே. கால்ல பலம் இருக்கே!"

"பலம் இருக்கறப்பவே எறங்கறதுதான் தம்பி மரியாத. ஒக்கார வச்சிட்டு இன்னொருத்தன எறக்கற வரைக்கும் நிக்கணுமா?"

பால் கொட்டகையில், கோயில் திண்ணையில், கடைத்தெருவில் என்று இந்த வழக்கு நாள் கணக்கில் நடந்தது. இளைஞர்கள் ஒரு கட்சி, பெரியவர்கள் ஒரு கட்சி. இளைஞர்களுக்குத் தங்கள் குழுவைப் பற்றிய கவலை. இனி யார் கோல் போடுவார்கள்? பெரியவர்களுக்கு வேறு கவலை. அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் மொக்தாரின் பெயரை வைத்துப் பேசினார்கள் என்றே நாம் நினைக்கிறோம்.

அந்தக் கவலை என்ன? மொக்தார் உடலை வைத்துப் பிழைத்தவர். நாமும் உடலை வைத்துப் பிழைக்கிறவர்கள். அவருக்குக் கால். பால்மரம் வெட்டுகிறவருக்கு மணிக்கட்டும் கண்ணும். செம்பனைக் குலை அறுக்கிறவருக்குத் தோளும் முதுகும். எழுதிப் பிழைக்கிறவர் எழுபது வயதிலும் எழுதலாம். இருபது கிலோ குலையை எழுபது வயதில் யார் தூக்க முடியும்? உடம்பு ஒரு நாள் 'போதும்' என்று சொல்லும். முப்பத்திரண்டு வயதில் மொக்தாருக்கு வந்த அந்த நாள், ஐம்பத்தைந்து வயதில் தோட்டத் தொழிலாளிக்கு வந்தது.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மொக்தார் விலகியபோது நாடு கண் கலங்கியது. முப்பது ஆண்டு மரம் வெட்டிய கிழவர் விலகியபோது என்ன நடந்தது? கிராணி கணக்கு முடித்துக் கொடுத்தார். இத்தனை நாளுக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சொன்னார்கள். வேலை இருக்கும் வரைதான் லயத்து வீடு. வேலை போனால் வீடும் போயிற்று. தான் பிறந்த, பிள்ளை பெற்ற, பெற்றோரைப் புதைத்த மண்ணை விட்டு, தட்டுமுட்டுச் சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டு போன குடும்பங்கள் எத்தனை! கை தட்ட அங்கே யாரும் இல்லை.

கைதட்டல் நின்ற பிறகு

மொக்தாரின் காலத்தில் காற்பந்து முழுநேரத் தொழிலாக இருக்கவில்லை. ஆட்டக்காரர்கள் பகலில் அலுவலகத்தில் வேலை செய்து, மாலையில் பயிற்சிக்குப் போனவர்கள். பாதித் தொழில்முறை லீக் ஆட்டம் இந்நாட்டில் 1989இல்தான் வந்தது. ஆகவே புகழ் மலையாகக் குவிந்தாலும் பணம் குவியவில்லை.

ஓய்வுக்குப் பிறகு அவரை நோய் பிடித்தது. நரம்புகள் செயலிழந்து, தசைகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்து போகும் கொடிய நோய். அதைக் குணமாக்க மருந்து இல்லை. நோயின் உண்மையான பெயரைக் குடும்பத்தார் நெடுங்காலம் வெளியே சொல்லாமல் தாங்கிக்கொண்டார்கள். பின்னாளில் வந்த ஓர் ஆவணப்படத்தின் வழியாகத்தான் பலருக்கும் அது தெரிய வந்தது. எந்தக் காலால் நாட்டையே எழுந்து நிற்க வைத்தாரோ, அந்தக் கால் அவரையே தாங்க மறுத்தது. 1991 ஜூலை 11ஆம் தேதி, 37 வயதில் மொக்தார் மறைந்தார். அதற்கு முன்பே, 1988 டிசம்பரில், ஆறுமுகத்தைச் சாலை விபத்து கொண்டுபோய்விட்டது. அவருக்கு வயது 35. ஒரே குழுவில் பந்தைப் பிடித்தவரும் போனார், அடித்தவரும் போனார்.

மொக்தார் ஓய்வு பெற்றதற்கும் மறைந்ததற்கும் நடுவே ஓடியது வெறும் ஐந்து ஆண்டுகள். வானொலியைச் சுற்றி உட்கார்ந்து அவர் பெயரைக் கூவிய நாம், அந்த ஐந்து ஆண்டுகளில் அவரை எத்தனை முறை நினைத்தோம்? புதிய ஆட்டக்காரர்கள் வந்தார்கள். புதிய பெயர்களைக் கூவினோம். இது யார் மேலும் குற்றம் சொல்வதற்காக அல்ல. ரசிகனின் மனம் அப்படித்தான். பந்து இருக்கும் பக்கம்தான் கண் போகும்.

இந்தியாவிலும் அண்மையில் இதே காட்சியைப் பார்த்தோம். சுனில் சேத்ரி 94 கோல்கள் போட்ட பிறகு, 2024 ஜூன் 6ஆம் தேதி கல்கத்தாவில் குவைத்துக்கு எதிரான ஆட்டத்தோடு நாட்டுக் குழுவிடமிருந்து விடைபெற்றார். அரங்கமே அழுதது. ஆனால் கோல் போட ஆள் இல்லாமல் 2025 மார்ச்சில் நாற்பது வயது மனிதரையே மீண்டும் அழைக்க வேண்டி வந்தது. கண்ணீர் விடத் தெரிந்த நாட்டுக்கு அடுத்த ஆளை வளர்த்து வைக்கத் தெரியவில்லை!

நாம் செய்யக் கூடியது

இன்று நம் தோட்டங்கள் முன்போல் இல்லை. 1917இல் இந்நாட்டின் முதல் செம்பனைத் தோட்டம் உருவானது நம் தென்னமரத்தில்தான். அன்று தொடங்கிய செம்பனை, காலப்போக்கில் பால்மரங்களை ஓரம் கட்டியது. பத்தாங் பெர்ஜுந்தை பெஸ்தாரி ஜெயா ஆனது. தோட்டங்கள் பலவற்றில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. ஷா ஆலமிலிருந்து புஞ்சாக் ஆலம் பக்கம் வரும் பெருஞ்சாலைக்கு 'பெர்சியாரான் மொக்தார் டஹாரி' என்று பெயர். பகாங் மாநிலம் கம்பாங்கில் இளம் ஆட்டக்காரர்களுக்கான தேசியக் காற்பந்துக் கழகத்துக்கும் அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் சாலைக்குப் பெயர் வைப்பது அரசாங்கத்தின் வேலை. நமக்கென்று வேலை இல்லையா?

முதலில், திடல். தோட்டத்துத் திடல்கள் பல போய்விட்டன. மிச்சம் இருக்கிற திடலைக் காடு மண்ட விடலாமா? மாலையில் பிள்ளைகள் கையில் தொலைபேசி இருக்கிறது. காலில் பந்து இல்லை. ஊருக்கு ஓர் இளைஞர் முன்வந்து பத்துப் பிள்ளைகளைச் சேர்த்தால் போதும். ஒரு பந்தின் விலை, ஓர் இரவுக் கச்சேரிச் செலவில் கால்வாசிகூட ஆகாது.

அடுத்தது, நம் சொந்த ஓய்வு. 2013 ஜூலை முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்று சட்டம் சொல்கிறது. ஊழியர் சேமநிதிப் பணத்தை 55 வயதில் எடுக்கலாம். அந்தப் பணம் கைக்கு வந்தவுடன் மோட்டார் சைக்கிளாகவும் கல்யாண விருந்தாகவும் கரைந்து போன கதைகள் நமக்குத் தெரியும். வீடு என்பது வேலைக்காரனுக்கு வேலை இருக்கும்போதே தேட வேண்டிய ஒன்று. சேமநிதிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். தெரியாவிட்டால் படித்த பிள்ளையைக் கேளுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கடைசியாக ஒன்று. இனி உங்கள் தோட்டத்தில் ஒரு பெரியவரோ ஒரு அம்மாவோ வேலையை விட்டு விலகினால், கோயில் மண்டபத்தில் ஒரு மாலை நேரம் எல்லாரும் கூடுங்கள். ஒரு துண்டு போர்த்துங்கள். எத்தனை வருஷம் வெட்டினார், எந்தத் தீம்பாரில் வெட்டினார், யார் யாருக்குத் தொழில் கற்றுக் கொடுத்தார் என்று பிள்ளைகளுக்குக் கேட்கும்படி சொல்லுங்கள். தேநீரும் வடையும் போதும். பிறகு மாதம் ஒரு முறையாவது அவர் வீட்டுப் பக்கம் போய், "எப்படி இருக்கீங்க தாத்தா? சாப்பிட்டீங்களா பாட்டி?" என்று கேளுங்கள்.

மொக்தாருக்காகக் கலங்கிய நெஞ்சு நல்ல நெஞ்சு. அந்த ஈரம் பக்கத்து வீட்டுக்கும் கொஞ்சம் போகட்டும். அவர்களும் ஆடித்தான் ஓய்ந்தார்கள்.