குளிர்ந்த வீட்டைக் கட்டித் தருபவர் யார்?

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டிலும் செலவு கைமீறிப் போகும் என்பது அதன் கருத்து. செலவு ஒருபுறம் இருக்கட்டும். கட்டி முடித்த வீட்டில் ஏப்ரல் மாதத்து இரவு பத்து மணிக்குப் படுத்துப் பார்த்தால்தான் இன்னொரு துன்பம் தெரியவரும். தெருவில் காற்று தணிந்திருக்கும். வீட்டுக்குள்ளோ, மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றும் அனலே இறங்கிக்கொண்டிருக்கும்.

வீடு கட்டும் பேச்சு எழுந்தால் மனையடி சாஸ்திரம் பார்ப்பவரைக் கேட்கிறோம், வங்கியில் கேட்கிறோம், ஓடு விற்பவரைக் கேட்கிறோம். பள்ளியில் வெப்பவியல் படித்துக்கொண்டிருக்கும் மகனையோ மகளையோ யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரு மேஸ்திரியோ ஒப்பந்தக்காரரோ குளிர்ந்த வீட்டைக் கட்டத் தெரிந்தவர்தானா என்பதை அறிய, உங்கள் பாடநூலில் உள்ள செய்திகளே பெரும்பாலும் போதும்.

மொட்டை மாடியில் தொடங்குவோம்

நமது மாநிலம் வடக்கு அட்சரேகை 8 டிகிரிக்கும் 13½ டிகிரிக்கும் இடையே கிடக்கிறது. ஆகவே ஏப்ரல் மாதத்தில் ஒருமுறையும், ஆகஸ்டின் பிற்பாதியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ மற்றொரு முறையும் நண்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே நிற்கிறது. அந்த நாட்களில் ஒரு சதுர மீட்டர் தளத்தின்மீது விழும் ஆற்றல் ஏறத்தாழ 1000 வாட். 100 சதுர மீட்டர் மாடி என்றால் 100 கிலோவாட்! ஒன்றரை டன் குளிர்சாதனம் ஒன்று அறையிலிருந்து வெளியேற்றக்கூடிய வெப்பம் சுமார் 5 கிலோவாட்தான் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சுவரையும் சன்னலையும்விட மாடியே நமது முதல் எதிரி.

இந்த வெப்பம் எவ்வளவு உள்ளே வருகிறது? மின்தடைகளைத் தொடரிணைப்பில் கூட்டுவதுபோல வெப்பத் தடைகளையும் கூட்டலாம். ஒரு பொருளின் கனத்தை மீட்டரில் எடுத்து அதன் வெப்பக் கடத்துதிறனால் வகுத்தால் தடை கிடைக்கும். 12 செ.மீ. கனமுள்ள காங்கிரீட் தளத்தின் தடை 0.12 ÷ 1.58, அதாவது 0.076. தளத்தின் மேற்புறம் ஒட்டியிருக்கும் காற்றுப் படலத்துக்கு 0.04, கீழ்ப்புறப் படலத்துக்கு 0.17. மூன்றையும் கூட்டினால் 0.286. இதன் தலைகீழ் 3.5. ஒரு டிகிரி வெப்பநிலை வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு 3.5 வாட் வீதம் வெப்பம் கசியும் என்று பொருள். பொறியாளர்கள் இதை யு-மதிப்பு என்கிறார்கள்.

மூன்று தடைகளில் மிகப் பெரியது எது என்று கவனித்தீர்களா? ஒன்றுமில்லாததுபோல் தோன்றும் கீழ்ப்புறக் காற்றுப் படலம்! அவ்வளவு கனமான காங்கிரீட், வெப்பத்தைப் பொறுத்தவரை ஏறக்குறைய திறந்த கதவுதான்.

மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2018-இல் குடியிருப்புகளுக்கென வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் விதித்தொகுப்பு, கூரையின் யு-மதிப்பு 1.2-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. நாம் கணக்கிட்ட தளம் அதைப்போல் மூன்று மடங்கு. நமது கொத்தனார்கள் வழக்கமாகச் செய்வதுபோல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து 10 செ.மீ. கனத்துக்குத் தட்டி, மேலே தட்டோடு பதித்தால் மேலும் சுமார் 0.13 தடை சேரும், யு-மதிப்பு 2.4 ஆகும். நல்லதுதான், போதாது. மாறாக, 0.035 கடத்துதிறன் கொண்ட தெர்மோகோல் வகை அட்டை 2 செ.மீ. கனத்துக்கு இருந்தால் அதன் தடை மட்டுமே 0.57. மொத்தம் 0.856; யு-மதிப்பு 1.17! தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றி வரும் மெல்லிய தெர்மோகோல் இதற்கு உதவாது, காலடியில் நசுங்கிவிடும். அடர்த்தியாக அழுத்திச் செய்த பலகை வேண்டும். அதன்மேல் சிமெண்ட் கலவையும் ஓடும் வரவேண்டும்.

மாடியின் மேற்பரப்பு 60 டிகிரி, அறைக் காற்று 35 டிகிரி என்று வைத்துக்கொண்டு நீங்களே கணக்கிடுங்கள். மேற்பரப்பின் வெப்பநிலையையே எடுத்துக்கொண்டதால் வெளிப் படலத்தின் 0.04-ஐ விட்டுவிட வேண்டும். வெறும் தளத்தின் வழியே 100 சதுர மீட்டருக்கு 10 கிலோவாட் வரும். காப்புப் பலகை இருந்தால் 3 கிலோவாட். இதில் மிச்சமாவது ஒன்றரை டன் குளிர்சாதனம் ஒன்றின் வேலையைவிட அதிகம்.

ஆக, மேஸ்திரியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "மாடியில் வெயிலுக்கு என்ன செய்வீர்கள்?" "வெள்ளைப் பெயிண்ட் அடித்துவிடலாம்" என்பது பாதி விடை. வெண்மை ஒளியைத் திருப்பி அனுப்புவது உண்மையே. புழுதி படிந்தால் அந்தத் திறன் குறையும், ஆண்டுதோறும் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். "இன்ன பொருள், இன்ன கனம், ஈரம் இறங்காமலிருக்க இன்ன ஏற்பாடு" என்று ஒருவர் சொன்னால் அவரோடு மேலும் பேசலாம். "அதெல்லாம் எதற்குத் தம்பி, ஒரு ஏ.சி. மாட்டிக்கொண்டால் போகிறது" என்பவருக்கு வணக்கம் சொல்லி விடைபெறுங்கள்.

சதுர அடிக்கு எவ்வளவு?

இங்கே இயற்பியலை விட்டுக் கொஞ்சம் உலகியல் பேச வேண்டும். நம் ஊர்களில் பெரும்பாலும் 'சதுர அடிக்கு இத்தனை ரூபாய்' என்றே பேசி முடிக்கிறார்கள். தொகை முன்பே நிலைத்துவிடுவதால், பொருளில் மிச்சம் பிடிப்பதெல்லாம் கட்டுபவருக்கு இலாபம். கண்ணுக்குத் தெரியும் தரை ஓட்டில் அவர் குறைக்க முடியாது. ஓட்டுக்குக் கீழே மறைந்துபோகும் 2 செ.மீ. பலகையில் குறைக்கலாம்! கூலிக்கு மட்டும் ஒப்பந்தம் பேசிப் பொருளை நாமே வாங்கித் தந்தால் இந்தக் கவலை தீரும். ஆனால் அப்போது சிமெண்டும் மணலும் வீணாவது பற்றி மேஸ்திரிக்கு அக்கறை குறையும். இரண்டிலும் சங்கடம் உண்டு.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், தந்தையார் ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் வீடு கட்டியது. மாடியில் காப்பு போடுவதாக வாய்ப்பேச்சு. ஒப்பந்தத் தாளில் சதுர அடி விலை மட்டுமே இருந்தது. முதல் கோடையில் ஐயம் எழுந்தது. உடைத்துப் பார்க்காமல் அறிய வழியில்லை. உடைத்தால் மழை ஒழுகும். இன்று இரண்டு படுக்கையறைகளிலும் குளிர்சாதனம் ஓடுகிறது, ஓய்வூதியத்தில் ஒரு பகுதி மின்கட்டணமாகப் போகிறது. ஆகையால் பொருளின் பெயரும் கனமும் எழுத்தில் இருக்கட்டும். பதிக்கும் நாளில் வீட்டுப் பிள்ளை ஒருவர் அளவுகோலும் செல்பேசியுமாக மாடியில் நிற்கட்டும். நல்ல மேஸ்திரி இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சுவரும் மேற்குச் சன்னலும்

வெப்பம் சுவரைக் கடக்க நேரம் எடுத்துக்கொள்கிறது. 12 செ.மீ. காங்கிரீட்டைக் கடக்கச் சுமார் 3 மணி, 23 செ.மீ. செங்கற்சுவரைக் கடக்க ஏறக்குறைய 7 மணி. மாலை 4 மணி வெயில் மேற்குச் சுவரின் உட்புறத்தை எட்டுவது இரவு 11 மணிக்கு! வீட்டின் மேற்கே படுக்கையறை வைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் அல்லர்.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 1917-இல் பிறந்து, திருவனந்தபுரத்தில் நிலைத்து, 2007-இல் மறைந்த லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர், எலிப்பொறிக் கட்டு என்னும் முறையைக் கேரளத்தில் பரப்பினார். செங்கலைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்திக் கட்டுவது அது. 23 செ.மீ. சுவரின் நடுவே ஏறத்தாழ 8 செ.மீ. வெற்றிடம் விழும். செங்கலில் கால்பங்கு வரை மிச்சமாகும். சூளையில் எரியும் விறகும் நிலக்கரியும் அந்த அளவு மிச்சம். காற்றின் கடத்துதிறன் 0.026 ஆயிற்றே, 8 செ.மீ. காற்றுக்குத் தடை 3 என்று உடனே கணக்குப் போட்டுவிடாதீர்கள். அடைபட்ட இடத்திலும் காற்று மேலும் கீழும் சுழன்று வெப்பத்தைச் சுமக்கிறது. ஒரு முகத்திலிருந்து மறு முகத்துக்குக் கதிர்வீச்சும் பாய்கிறது. எனவே உண்மையான தடை 0.2-ஐக்கூட எட்டுவதில்லை. இருந்தாலும் 12 செ.மீ. காங்கிரீட்டைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்!

இந்தக் கட்டுக்குக் கைப்பழக்கம் வேண்டும். பழகாதவர் கலவையைச் சந்துக்குள் சிந்திவிடுவார். சிந்திய கலவை இரு முகங்களையும் இணைத்து வெப்பத்துக்குப் பாலம் போடும். செங்கற்கள் ஒரே அளவாக இருக்க வேண்டும். மின்குழாய்கள் எங்கே செல்லும் என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும், பிறகு சுவரைக் கொத்த முடியாது. பேக்கர் கட்டுமிடத்திலேயே நின்று கொத்தனார்களுக்குச் சொல்லிக்கொடுத்துக் கட்டியதன் காரணம் இதுதான். "செய்துவிடலாம்" என்று சொல்பவரிடம், "முன்பு செய்த வீட்டைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

கெட்டிக்காரரையும் மற்றவரையும் பிரித்துக் காட்டும் கேள்வி மேற்குச் சன்னலைப் பற்றியது. நண்பகலில் சூரியன் உயரத்தில் இருப்பதால், தெற்குச் சன்னலுக்கு இரண்டடி சன்ஷேடு போதும். மாலையில் மேற்குச் சூரியன் தாழ்ந்து நேராக உள்ளே பாயும். சன்ஷேடு எத்தனை நீளமானாலும் அதைத் தடுக்காது. அங்கே செங்குத்தான மறைப்போ, மூங்கில் தட்டியோ, மரமோதான் வேண்டும். நான்கு பக்கமும் ஒரே சன்ஷேடு வரைந்து தருபவர் சூரியன் நகர்வதை நினைத்துப் பார்க்கவில்லை.

கூடவே இன்னொன்று: ஒன்றன்மேல் ஒன்று நகரும் இருபலகைச் சன்னலில் பாதிதான் திறக்கும். சென்னைபோல் புழுக்கமான ஊர்களில், திறக்கக்கூடிய பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது முன் சொன்ன விதித்தொகுப்பு. நகரும் சன்னல் போட்டால் இரட்டிப்புச் சன்னல் வேண்டும்.

சிமெண்ட் மூட்டைக்குள் இருக்கும் புகை

சுற்றுச்சூழலுக்கு உகந்த வீடு என்றதும் பலர் மாடித் தோட்டத்தை நினைக்கிறார்கள். சிமெண்டை நினைப்பவர் சிலரே. சுண்ணாம்புக்கல்லை 1450 டிகிரிக்குச் சுட்டால், ஒவ்வொரு 100 கிராமிலிருந்தும் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு பிரிந்து போகிறது. வேதியியல் சமன்பாட்டை எழுதிச் சரிபாருங்கள். எரிபொருளின் புகை இதற்கு மேல். இரண்டும் சேர்ந்து, ஒரு கிலோ சிமெண்டுக்கு முக்கால் கிலோவுக்கும் அதிகமான வாயு வெளியாகிறது. அனல்மின் நிலையங்களின் உலைச்சாம்பலை 15 முதல் 35 சதவீதம் வரை கலந்த சிமெண்டில் இது அந்த அளவுக்குக் குறையும். ஆனால் சாம்பல் சிமெண்ட் மெதுவாக இறுகும். "எத்தனை நாள் நனைப்பீர்கள்?" என்று கேளுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி சாதாரணச் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமெண்டுக்கு 10 நாள்; நமது வெயிலுக்கு 14 நாள் நல்லது. மூன்றாம் நாளே சுவரைக் காயவிடுபவரிடம் எந்தச் சிமெண்டும் நிற்காது.

வெப்பமானியோடு ஒரு வருகை

விளம்பரத்தில் 'பசுமை வீடு' என்று எவரும் அச்சடிக்கலாம். அவர் கட்டிய வீடு ஒன்றுக்கு, குடியிருப்பவர் அனுமதியோடு, கோடையில் இருமுறை போய் வாருங்கள்: பிற்பகல் 3 மணிக்கு ஒருமுறை, இரவு 9 மணிக்கு ஒருமுறை. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் வாங்கிய அகச்சிவப்பு வெப்பமானிகளில் பலவற்றுக்குப் பொருள்களின் மேற்பரப்பை அளக்கும் வசதியும் உண்டு. அதைக் கூரையின் அடிப்புறத்துக்கு நேரே பிடித்து அளவைக் குறியுங்கள். பளபளக்கும் உலோகத்தில் அளக்காதீர்கள், அளவு பொய்க்கும்.

நமது தோலின் வெப்பநிலை சுமார் 34 டிகிரி. கூரை 40 டிகிரியில் இருந்தால், ஸ்டீபன்-போல்ட்ஸ்மன் விதிப்படி, அதை நோக்கிய உடற்பரப்பு சதுர மீட்டருக்குச் சுமார் 40 வாட் வெப்பத்தைப் பெறுகிறது. கூரை 30 டிகிரியில் இருந்தால் சுமார் 25 வாட்டை இழக்கிறது. அறைக் காற்றின் வெப்பநிலை இரண்டு வீட்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். ஒன்றில் தூக்கம் வரும், மற்றதில் வராது.

வீட்டாரிடம் மின்கட்டண அட்டையையும் காட்டச் சொல்லுங்கள். ஏப்ரல், மே மாதங்களின் அலகுகளை டிசம்பர், ஜனவரி அலகுகளோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு குறைவாக இருந்தால் மேஸ்திரியின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாடியில் பிற்காலத்தில் சூரியத் தகடுகள் வைக்கும் எண்ணம் இருந்தால் ஒரு சச்சரவுக்குத் தயாராக இருங்கள். ஆண்டின் பெரும்பகுதி சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்து நிற்பதால், தகடுகளுக்குத் தெற்கும் மேற்கும் திறந்திருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியைக் கன்னி மூலையாகிய தென்மேற்கில்தான் ஏற்ற வேண்டும் என்பார் வாஸ்து பார்ப்பவர். பிற்பகலில் அந்தத் தொட்டியின் நிழல் தகட்டின் ஒரு மூலையில் விழுந்தாலே அந்த வரிசை முழுவதிலும் மின்னோட்டம் குறையும். என்னிடம் கேட்டால் தொட்டியை வடக்கே தள்ளச் சொல்வேன். பாட்டி சம்மதிக்காவிட்டால், தொட்டியின் உயரத்தையும் டிசம்பர் மாதத்து நிழலின் நீளத்தையும் வரைந்து, தகடுகள் எங்கே தொடங்கலாம் என்று மேஸ்திரியோடு உட்கார்ந்து குறியுங்கள். ஒரு குச்சியும் நாடாவும் போதும்.