உதட்டு வெடிப்பும் வீட்டு வைத்தியமும்

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது நம் முன்னோர் வாக்கு. பெரிய நோய் வந்தால் மருத்துவமனைக்கு விரைகின்ற நாம், சிறிய துன்பங்களைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. அத்தகைய சிறிய துன்பங்களுள் ஒன்று உதட்டு வெடிப்பு. உதடு வெடித்த பிள்ளை, வகுப்பில் உரக்க வாசிக்கத் தயங்குகின்றது. சம்பலும் குழம்பும் பட்டால் எரியுமே என்று அஞ்சி உணவைக் குறைத்துக்கொள்கின்றது. வாய்விட்டுச் சிரிக்கவும் அஞ்சுகின்றது. சில வேளைகளில் இவ்வெடிப்பு, உடலுக்குள் இருக்கும் ஒரு குறையை வெளியே காட்டும் அடையாளமாகவும் அமைகின்றது. ஆகவே, அது ஏன் வருகின்றது, வீட்டில் உள்ள பொருள்களைக் கொண்டு அதனை எவ்வாறு ஆற்றலாம், எப்பொழுது மருத்துவரை நாடவேண்டும் என்பனவற்றை மாணவரும் பெற்றோரும் தோட்டத் தொழிலாளரும் அறிந்திருத்தல் நலம்.

உதட்டின் அமைப்பு

நம் உடலை மூடியிருக்கும் தோலில் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகள் உள்ளன. அவை கசியவிடும் எண்ணெய், தோலின்மீது மெல்லிய படலமாகப் பரவி, உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிப் போகாமல் காக்கின்றது. உதட்டின் சிவந்த பகுதியிலோ வியர்வைச் சுரப்பிகள் இல்லை. எண்ணெய்ச் சுரப்பிகளும் இல்லை எனலாம். மேலும், முகத்தோலின் மேற்பரப்பு பல அடுக்குகளால் ஆனது. உதட்டின் மேற்பரப்போ ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து அடுக்குகளே கொண்டது. அதனாற்றான் அடியிலுள்ள இரத்தக் குழாய்களின் நிறம் வெளியே தெரிந்து, உதடு சிவப்பாகக் காணப்படுகின்றது. வெயிலைத் தாங்க உதவும் கருநிறப் பொருளும் அங்கே குறைவு. எண்ணெய்க் காப்பும் இல்லை. தடித்த தோலும் இல்லை. எனவேதான் காற்றும் வெயிலும் முதலில் உதட்டையே வாட்டுகின்றன.

ஈரமான ஊரில் வெடிப்பு ஏன்?

பினாங்கு கடல் சூழ்ந்த தீவு. காற்றில் ஈரம் மிகுந்த ஊர். பனி பெய்யும் குளிர்நாடுகளில் வரும் உதட்டு வெடிப்பு இங்கு ஏன் வரவேண்டும் என்று சிலர் வினவலாம். அதற்குக் காரணங்கள் பல உள்ளன.

தீபகற்பத்தின் வடபகுதியில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மழை குறைந்து வெயில் மிகும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு நடந்து செல்வோர் தண்ணீர்ப் பந்தல்களை நாடி நிற்பதும் இக்காலத்திலேயே. செபராங் பிறைப் பகுதியில் செம்பனைக் குலை வெட்டுவோரும், கட்டட வேலை செய்வோரும், மீன் பிடிப்போரும் நாள் முழுதும் வெயிலில் நிற்கின்றனர். குடிக்கும் நீர் குறைந்தால் முதலில் வாயும் உதடும் உலரும். குளிர்சாதன அறையில் நெடுநேரம் இருப்போர்க்கும் இதே நிலைதான். ஏனெனில் அக்கருவி காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சிவிடுகின்றது. 1997, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் நம் நாட்டை மூடிய புகைமூட்டம் போன்றவை மூக்கையும் தொண்டையையும் உறுத்துகின்றன. மூக்கு அடைபட்ட பிள்ளை வாயால் மூச்சு விடும்போது, உள்ளும் புறமும் செல்லும் காற்று உதட்டை உலர்த்திவிடும்.

இவை யாவற்றையும்விடப் பிள்ளைகளிடம் மிகுதியாகக் காணப்படும் காரணம் ஒன்றுண்டு. அது நாவினால் உதட்டை நக்கும் பழக்கம்! உதடு உலர்ந்ததும் பிள்ளை அதனை நக்குகின்றது. அந்த நொடியில் இதமாக இருக்கின்றது. ஆனால், எச்சில் விரைவில் ஆவியாகிவிடும். ஆவியாகும்போது உதட்டிலிருந்த ஈரத்தையும் சேர்த்துக் கொண்டு போகும். அன்றியும், எச்சில் உணவைச் செரிக்கச் செய்வதற்கென்று அமைந்த நீர். அதிலுள்ள செரிமானப் பொருள்கள் மெல்லிய உதட்டை அரித்துப் புண்ணாக்கும். நக்க நக்க உலரும். உலர உலர நக்கத் தோன்றும். இவ்வாறு நாளடைவில் வாயைச் சுற்றி வளையம்போல் சிவந்த தடிப்பு உண்டாகிவிடுகின்றது.

மாம்பழக் காலத்தில் வேறொரு காரணமும் சேரும். மாங்காயின் காம்புப் பாலிலும் தோலிலும் உள்ள ஒரு பொருள் சிலருக்கு ஒவ்வாது. தோலோடு கடித்துச் சப்பிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ உதடு தடித்து அரிக்கும். ஆகவே மாம்பழத்தை நன்கு கழுவித் தோலைச் சீவிய பின்னரே பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டும்.

வீட்டில் ஆற்றும் முறை

உதட்டுக்கு இயற்கை கொடாத எண்ணெய்க் காப்பை நாம் கொடுப்பதே இவ்வைத்தியத்தின் அடிப்படை. அதற்கு விலையுயர்ந்த பொருள் எதுவும் வேண்டுவதில்லை.

1. முதலில் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும். பால்மரம் சீவுவோரும், களைக்கொல்லி, பூச்சிமருந்து தெளிப்போரும் வேலை முடிந்து நன்கு கழுவாத கையால் உதட்டைத் தொடவே கூடாது. சட்டைக் கையால் வாயைத் துடைப்பதும் தவறு.

2. உதட்டை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றியெடுக்கவேண்டும், தேய்த்தலாகாது.

3. உதட்டில் சிறிது ஈரம் இருக்கும்போதே தூய தேங்காயெண்ணெயோ நெய்யோ மெல்லியதாகப் பூசவேண்டும். அது உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே போகாமல் மூடிக் காக்கும். மணமும் நிறமும் சேராத வாசலைனும் இவ்வேலையை நன்றாகச் செய்யும்.

4. உணவுக்குப் பின்னும், பல் துலக்கிய பின்னும், வெளியே செல்லுமுன்னும், உறங்கப் போகுமுன்னும் என நாளொன்றுக்கு நான்கைந்து முறை பூசிவரவேண்டும்.

5. உரிந்து நிற்கும் தோலைக் கடிக்கவோ பிய்க்கவோ கூடாது. பிய்த்தால் நல்ல தோலும் சேர்ந்து கிழிந்து, கிருமிகள் நுழைய வழியாகும்.

6. ஆறும்வரை மிகுந்த காரம், புளிப்பு, கொதிக்கும் சூடு ஆகியவற்றைத் தவிர்க்கவேண்டும். நீரை அடிக்கடி பருகவேண்டும்.

நம் ஊரில் தேங்காயெண்ணெய் எந்நாளும் நீராகவே இருக்கும். ஏனெனில் அது ஏறத்தாழ 24 பாகை வெப்பத்திலேயே உருகிவிடும். அதனால் உதட்டில் பூசிய எண்ணெய் விரைவில் வழிந்து போகின்றது. இதற்கு ஒரு வழியுண்டு. தூய தேன்மெழுகைத் துருவி ஒரு கரண்டி எடுத்து, மூன்று கரண்டி தேங்காயெண்ணெயுடன் சிறு கிண்ணத்தில் இடுங்கள். அக்கிண்ணத்தைக் கொதிநீருள்ள பாத்திரத்தில் வைத்துக் கலக்குங்கள். தேன்மெழுகு 60 பாகைக்கு மேல்தான் உருகும் என்பதால் சற்றுப் பொறுமை வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கலந்ததும் உலர்ந்த சிறு டப்பாவில் ஊற்றி ஆறவிடுங்கள். உதட்டில் நின்று பிடிக்கும் பூச்சு கிடைத்துவிடும். இதனைப் பெரியவர்களே செய்யவேண்டும். சிறுவர்கள் அடுப்பருகே நிற்கலாகாது. முதன்முறை பயன்படுத்துமுன் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி, அரிப்பு உண்டாகின்றதா என்று ஒரு நாள் பார்த்துக்கொள்வது நன்று. ஒருவர் டப்பாவை மற்றவர் பயன்படுத்தக் கூடாது. உதட்டில் வரும் சில கொப்புளங்கள் அதன்வழி தொற்றும்.

தேனும் பலர் வீட்டில் கையாளும் மருந்து. ஆனால், இனிப்பாயிருப்பதால் பிள்ளை அதனை நக்கிவிடும். நக்கினால் பயன் கெடும். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் உதட்டில் தேனைத் தடவவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, அவ்வயதுக் குழந்தைக்கு உயிராபத்தான நோயை உண்டாக்க வல்லது.

செய்யத் தகாதவை

வெடித்த உதட்டில் எலுமிச்சைச் சாறு தேய்ப்பதும், உப்பு அல்லது சர்க்கரையால் உரசுவதும் புண்ணை மிகுதியாக்கும். கற்பூரம், புதினா உப்பு ஆகியவை கலந்த தைலங்கள் குளிர்ச்சியாகத் தோன்றினாலும், மெல்லிய தோலை உறுத்தி மேலும் உலர்த்தும். பற்பசையை மருந்தாகப் பூசுவது பெருந்தவறு. பல் துலக்கியபின் உதட்டோரம் ஒட்டியிருக்கும் நுரையையும் நன்கு கழுவிவிடவேண்டும்.

கடைவாய்ப் புண்ணும் உணவும்

உதட்டின் நடுவில் வரும் வெடிப்பு வேறு. வாயின் இரு ஓரங்களிலும் வரும் கடைவாய்ப் புண் வேறு. பின்னதைப் பற்றிய வரலாறு நம் நாட்டோடும் தமிழகத்தோடும் தொடர்புடையது.

லேண்டர், பாலிஸ்டர் என்னும் மருத்துவர் இருவர், சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் இருந்த சிறைக் கைதிகளிடம் ஒரு நோயைக் கண்டனர். அவர்களின் கடைவாய் வெடித்திருந்தது, நாவும் புண்ணாகியிருந்தது. உணவில் உயிர்ச்சத்து 'பி' வகையைச் சேர்ந்த சத்து குறைந்ததே காரணம் என்று கருதி, அச்சத்து நிறைந்த ஈஸ்ட் உணவைக் கொடுத்து அவர்களைத் தேற்றினர். 1935-ஆம் ஆண்டில் அவர்களின் கட்டுரை வெளிவந்தது. மறு ஆண்டு, நீலகிரியிலுள்ள குன்னூர் உணவாராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த ஆய்க்ராய்ட், கிருஷ்ணன் ஆகியோர், தென்னிந்தியப் பிள்ளைகளிடம் கண்ட இத்தகைய வாய்ப்புண்ணைப் பற்றி எழுதினர். 1938-இல் அமெரிக்காவில் செப்ரெல், பட்லர் என்னும் ஆய்வாளர்கள், ரைபோஃப்ளேவின் எனப்படும் உயிர்ச்சத்து பி2 குறைந்தால் உதடு சிவந்து கடைவாய் வெடிக்கும் என்பதையும், அச்சத்தைக் கொடுத்தால் ஆறும் என்பதையும் ஐயமின்றி மெய்ப்பித்தனர். சிறைக் கைதிக்கும் விடுதிப் பிள்ளைக்கும் ஒரே வகைப் புண் வந்தது ஏன்? இருவருக்கும் கிடைத்த உணவு பெரும்பாலும் வெறுஞ்சோறாய் இருந்தமையால்தான்!

இச்சத்து வளர்ந்த ஆடவர்க்கு நாளொன்றுக்கு 1.3 மில்லிகிராமும் பெண்டிர்க்கு 1.1 மில்லிகிராமும் தேவை. பிள்ளைகளுக்கு இதனினும் குறைவு. ஒரு குவளைப் பாலில் ஏறத்தாழ 0.4 மில்லிகிராம் உண்டு. முட்டை, ஈரல், மீன், கீரைகள், தெம்பே ஆகியவற்றிலும் இது கிடைக்கின்றது. வேலியோரம் வளரும் முருங்கைக்கீரைக்கு விலையில்லை. ஆனால் அதன் சத்தோ மிகுதி. வெளிச்சம் பட்டால் இச்சத்து அழிந்துவிடும் என்பதால், பாலைக் கண்ணாடிப் புட்டியில் வெயில்படும்படி வைத்தலாகாது. காலையில் வெறும் தேநீரும் ரொட்டியும் மட்டும் உண்டு பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு ஒரு முட்டையோ ஒரு குவளைப் பாலோ சேர்த்துக் கொடுத்தால், உதட்டுக்கு மட்டுமன்றி உடல் முழுமைக்கும் அது மருந்தாகும்.

ஆயினும், கடைவாய்ப் புண் எல்லாம் இந்த ஒரு சத்துக் குறைவால் வருவதில்லை. இரும்புச்சத்துக் குறைவாலும், காளான் வகைக் கிருமியாலும், எச்சில் வடிந்து தேங்குவதாலும், பொருந்தாத பொய்ப்பற்களாலும் அது வரலாம். எந்தக் காரணம் என்பதை மருத்துவரே ஆராய்ந்து சொல்லவேண்டும்.

எப்பொழுது மருத்துவரை நாடவேண்டும்?

எண்ணெய் பூசியும் இரண்டு வாரத்தில் ஆறாத வெடிப்பு, சீழோ மஞ்சள் பொருக்கோ கட்டும் புண், கொத்தாக எழும் நீர்க்கொப்புளம், காய்ச்சலோடு கூடிய வாய்ப்புண், வெளிறிய முகமும் சோர்வும் சேர்ந்த கடைவாய்ப் புண் ஆகியவற்றை அரசாங்கச் சுகாதார நிலையத்தில் காட்டவேண்டும். உதடு திடீரென வீங்கி மூச்சுத் திணறினால் ஒரு கணமும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

பெரியவர்களுக்கு இன்னொரு செய்தி. நம் தீவு பாக்கு மரத்தால் பெயர் பெற்றது. 'பினாங்' என்னும் மலாய்ச் சொல்லுக்குப் பாக்கு என்பதே பொருள். வெற்றிலை பாக்கு நம் மங்கல நிகழ்ச்சிகளில் இடம்பெறும் பொருள். ஆனால், அதனை நாள்தோறும் மெல்லுவது வேறு. புகையிலை சேர்க்காவிடினும், பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-ஆம் ஆண்டு அறிக்கையில் அறிவித்துள்ளது. மலேசியாவில் வாய்ப்புற்றுநோய் பிற இனத்தாரைவிட இந்தியரிடையே மிகுதி. வெயிலில் உழைப்போரின் கீழுதட்டில் வரும் மாற்றங்களும் சில வேளைகளில் இந்நோய்க்கு வழிவகுக்கும். ஆகவே, வெற்றிலை போடுவோரும், புகைப்போரும், வெயிலில் உழைப்போரும் உதட்டிலோ வாயிலோ ஆறாத புண், வெண்படை, தடிப்பு ஆகியவற்றைக் கண்டால் "வெறும் வெடிப்புத்தானே" என்று எண்ணெய் பூசிக்கொண்டு நாளைக் கடத்தலாகாது. தொடக்கத்தில் கண்டால் குணப்படுத்த வாய்ப்பு மிகுதி. வேலைக்குச் செல்கையில் அகன்ற விளிம்புத் தொப்பி அணிவதும், குடிநீர்ப் புட்டியை உடன் கொண்டுசெல்வதும் நல்ல காப்பு.

மாணவச் செல்வங்களே! பள்ளிப் பையில் நீர்ப்புட்டி இருக்கட்டும். உதடு உலர்ந்தால் நாவை நீட்டாதீர்கள், நீரைப் பருகுங்கள், இரவில் ஒரு துளி எண்ணெய் பூசுங்கள். வீட்டில் பாட்டியோ தாத்தாவோ வாயில் ஆறாத புண்ணோடு இருந்தால், இக்கட்டுரையை அவர்களுக்கு வாசித்துக் காட்டி மருத்துவரிடம் செல்லச் சொல்லுங்கள். நீங்கள் கற்ற எழுத்து, உங்கள் வீட்டார் ஒருவரின் உயிரைக் காக்கப் பயன்படுமாயின் அதனினும் சிறந்த கல்விப் பயன் வேறில்லை.