பொலோன்யாவை ஜெயிக்கவைத்த ஹங்கேரிக்காரர்

1930இல் இன்டர் மிலான் இத்தாலியக் கால்பந்துச் சாம்பியன் ஆனபோது அதன் பயிற்சியாளர் ஆர்பாத் வைஸுக்கு வயது 34. அதைவிட இளம் வயதில் இத்தாலியின் முதல்நிலை லீக்கான சீரி ஆ பட்டத்தை வென்ற பயிற்சியாளர் இன்றுவரை இல்லை.

வைஸ் 1896இல் ஹங்கேரியின் சோல்ட் என்ற சிற்றூரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஆட்டக்காரராக அவர் பெரிதாகச் சாதிக்கவில்லை. 1924 பாரிஸ் ஒலிம்பிக் அணியில் இடம் கிடைத்தது. களமிறங்கும் வாய்ப்பு கிடைக்கவில்லை. பிறகு இத்தாலிக்கு வந்து ஆடியவரைக் காயம் முடக்கிப்போட, பயிற்சியாளர் ஆனார்.

அன்றைய பயிற்சியாளர்கள் கோட்டு சூட்டோடு எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று உத்தரவு போடுவார்கள். வைஸோ பயிற்சி உடையில் ஆட்டக்காரர்களோடு சேர்ந்து ஓடினார். அவர்கள் சாப்பாட்டையும் கவனித்தார். ஆள் பார்த்து எடுப்பதிலும் கெட்டிக்காரர். ஒல்லிப்பிச்சான் என்று சொல்லி ஏ.சி. மிலான் கிளப் ஒதுக்கிய ஜுசெப்பே மெயாட்சாவை 17 வயதிலேயே இன்டரின் முதல் அணியில் இறக்கினார். இனிப் பாலர் பள்ளியிலிருந்தும் ஆள் பிடிப்பார்கள் போல என்று மூத்த ஆட்டக்காரர் ஒருவர் கேலி செய்தாராம். இரண்டு கால்களும் பழகட்டும் என்று அந்தப் பையனைச் சுவரில் பந்தடிக்க வைத்தார் வைஸ். 1929-30 பருவத்தில் மெயாட்சா அடித்தது 31 கோல். மிலானின் சான் சீரோ மைதானத்துக்கு இப்போது அதிகாரபூர்வப் பெயரே மெயாட்சாதான்.

ஆனாலும் வைஸின் உண்மையான சாதனை பொலோன்யா கிளப்பில்தான் என்று சொல்ல வேண்டும். 1935 தொடக்கத்தில் அவர் அங்கே பொறுப்பேற்றார். யுவென்டஸ் தொடர்ந்து ஐந்து பட்டங்களைக் குவித்த காலம் அது. 1935-36 பருவம் முழுவதையும் வெறும் 14 ஆட்டக்காரர்களை வைத்தே ஓட்டி, ஒரே புள்ளி முன்னிலையில் பட்டத்தைப் பறித்தார். அடுத்த ஆண்டும் பட்டம் பொலோன்யாவுக்கே. 1937இல் பாரிஸ் உலகக் கண்காட்சியையொட்டி நடந்த போட்டியின் இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் செல்சியை 4-1 என்று வீழ்த்தினார்கள்.

1938இல் முசோலினி அரசு இனச் சட்டங்களைக் கொண்டுவந்தது. 1919க்குப் பிறகு குடியேறிய வெளிநாட்டு யூதர்கள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். மூன்று பட்டங்கள் வென்றவருக்கும் விலக்கு இல்லை. மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் பாரிஸுக்குப் போனார். அங்கிருந்து நெதர்லாந்தின் டோர்ட்ரெக்ட் நகரத்துக்கு. அங்கே டிஎஃப்சி என்ற சின்னக் கிளப் தரமிறங்கும் நிலையில் தத்தளித்துக்கொண்டிருந்தது. அதைக் காப்பாற்றி, அடுத்த பருவத்தில் ஐந்தாம் இடத்துக்குக் கொண்டுவந்தார். 1940இல் ஜெர்மானியப் படை நுழைந்தது. மறு ஆண்டு, மைதானத்துக்குள் போகவே அவருக்குத் தடை.

1942 ஆகஸ்டில் குடும்பமே கைதானது. அக்டோபரில் மனைவியும் மகன் ராபர்ட்டோவும் மகள் கிளாராவும் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார்கள். கட்டாய உழைப்புக்குப் பிரித்தெடுக்கப்பட்ட வைஸ், 1944 ஜனவரியில் அதே முகாமில் இறந்தார்.

பிறகு இத்தாலியக் கால்பந்து அவரை மறந்தேபோனது. இரண்டு கிளப்புகளுக்குப் பட்டம் வாங்கிக்கொடுத்தவர் என்ன ஆனார் என்று அறுபது வருடங்களாகப் பெரிதாக யாரும் தேடவில்லை. மத்தேயோ மராணி என்ற பத்திரிகையாளர்தான் ஆவணங்களைத் துருவி 2007இல் புத்தகமாக எழுதினார். அதன் பிறகே பொலோன்யா, மிலான் மைதானங்களில் வைஸுக்கு நினைவுப் பலகைகள் வந்தன.