ஓசி டெம்ப்ளேட்... ஒரு வரி நன்றி!

ரமணாசிரமம் பக்கத்துச் சந்தில் ஆறு ரூம் வைத்து வாடகைக்கு விடுகிற ஓர் அம்மா கேட்டார். "தம்பி, எனக்கொரு வெப்சைட் போட்டுக் கொடேன். கார்த்திகை தீபத்துக்குள்ள வேணும். எந்த ரூம் காலின்னு நானே மாத்திக்கணும்."

நான் பி.காம். இருந்தாலும் வாய்க்கொழுப்பு... "ஒரே ராத்திரி வேலைம்மா!" என்று சொல்லித் தொலைத்தேன்.

அழகுக்கு 'ஹெச்.டி.எம்.எல்.5 அப்' தளத்தின் இலவச டெம்ப்ளேட். உள்ளே இயங்க 'ஃப்ளாஸ்க்'. (2010-ல் ஆர்மின் ரோனாக்கர் அடித்த ஏப்ரல் ஃபூல் ஜோக்கிலிருந்து பிறந்ததாக்கும்!) இரண்டையும் சேர்த்துத் திறந்தால் கலர் இல்லை, படம் இல்லை. மேக்கப் கலைத்த ராஜபார்ட் மாதிரி வெறும் எழுத்து!

விஷயம் இதுதான். ஃப்ளாஸ்க்கில் பந்தி தனித்தனி. பக்கங்கள் 'டெம்ப்ளேட்ஸ்' ஃபோல்டரில். ஸ்டைல், படம், ஸ்கிரிப்ட் எல்லாம் 'ஸ்டாட்டிக்' ஃபோல்டரில். பக்கங்களில் இருக்கும் பழைய முகவரிகளை 'யூ.ஆர்.எல். ஃபார்' என்று மாற்ற வேண்டும். ஸ்டைல் ஃபைலுக்குள் இருக்கும் பட முகவரிகளைத் தொடவே வேண்டாம். ஃபோல்டர்களின் உள்ளமைப்பைக் கலைக்காமல் அப்படியே வைத்தால் போதும்.

அடுத்து, தலையும் காலும் எல்லாப் பக்கத்திலும் ஒன்றுதானே? அவற்றை ஒரே 'பேஸ்' ஃபைலில் வைத்து, நடுவில் ஒரு 'பிளாக்' விட்டேன். மற்ற பக்கங்கள் அந்த நடுப்பகுதியை மட்டும் நிரப்பும். ஃபோன் நம்பர் மாறினால் ஒரே இடத்தில் திருத்தம். இதைச் செய்யும் கருவிக்குப் பெயர் 'ஜிஞ்சா'. ஜப்பானில் கோயிலுக்கு அப்படிப் பெயர். டெம்ப்ளேட், டெம்ப்பிள் என்று ஒலிப்பொருத்தம் பார்த்து வைத்தார்களாம். அண்ணாமலையார் ஊருக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா?

டெம்ப்ளேட்டில் இருந்த ஆறு பெட்டிகளில் ஐந்தை அழித்தேன். மிச்சத்தை 'ஃபார்' சுற்றில் விட்டேன். டேட்டாபேஸில் ரூம் நிலவரத்தை அம்மா மாற்றினால் பக்கமும் மாறும்.

அப்படியே கீழே இருந்த டெம்ப்ளேட்காரர் பெயரையும் அழித்துவிட்டுக் காட்டினேன்.

"ஓசின்னியே தம்பி, அவங்க ஒண்ணுமே கேக்கலையா?"

மென்று விழுங்கினேன். கிரியேட்டிவ் காமன்ஸ் 3.0 உரிமம், மாற்றலாம், வியாபாரத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். செய்தவர் பெயரை மட்டும் சொல்ல வேண்டும்.

"கேட்டதே அது ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டா எப்படிப்பா?"

டபுள் என்ட்ரி படித்தவனுக்கு இது உறைத்திருக்க வேண்டாமா? டெபிட்டை எழுதிவிட்டு கிரெடிட்டை அழித்தால் எந்தக் கணக்கு டேலி ஆகும்?

'பேஸ்' ஃபைலில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். எல்லாப் பக்கத்திலும் பெயர் வந்துவிட்டது!